அடைக்கலமும் ஒப்புதலும்: தரவுக் காப்புச் சட்ட விவாதங்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தம்மைப் பற்றிய செய்திகளைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது, அவற்றைப் பெற்றுக்கொள்பவருக்கு எத்தகைய கடமை உண்டாகிறது? எழுதிக் கையொப்பமிட்ட நிபந்தனைகளை மீறாதிருத்தல் மட்டும் போதுமா, அன்றி ஒப்படைத்தவரின் நலனைத் தம் நலனுக்கு முன்வைத்தலும் வேண்டுமா? வினா பழையது. எனினும் 2017 முதல் 2023 வரை இந்திய நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் சூழ்ந்து நடந்த தரவுக் காப்பு விவாதங்கள் இவ்வினாவைப் புதிய வடிவில் எழுப்பியுள்ளன. பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களை எவ்வாறு நெறிப்படுத்துவது என்னும் பொதுக்கொள்கைச் சிக்கலாகவே இவை பெரிதும் பேசப்பட்டன. அவற்றின் அடியில் உள்ள அறவியல் சிக்கலை, தமிழ் மரபு அறிந்த 'அடைக்கலம்' என்னும் கருத்தாக்கத்தின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஸ்ரீராம்புரத்துத் தெருவிலிருந்து

பெங்களூரு நகரில் மல்லேசுவரம், இராஜாஜிநகர், ஓகளிபுரம் ஆகியவற்றை அடுத்துள்ள ஸ்ரீராம்புரம் தமிழர் நெடுங்காலமாகச் செறிந்து வாழும் பகுதியாகும். பஞ்சாலைகளையும் இரயில்வேயையும் நாடிப் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் இத்தகைய பகுதிகளை உருவாக்கின. பஞ்சாலைகள் மறைந்தன. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூருவில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது முதல் நகரத்தின் தொழில் முகமே மாறியது. 2014 மார்ச் 1 அன்று ஸ்ரீராம்புரத்தின் பெயர் தாங்கிய மெட்ரோ நிலையமும் திறக்கப்பட்டது.

இப்பகுதி இளைஞர் ஒருவர், உணவு கொண்டுசேர்க்கும் செயலி ஒன்றில் பணிக்குச் சேர்வதாகக் கொள்வோம். அவர் வீட்டில் தமிழ் பேசுகிறார். பள்ளியில் கன்னடம் பயின்றார். கைப்பேசித் திரையில் ஆங்கிலம் வருகிறது. தம் இருப்பிடம், வங்கிக் கணக்கு, முகத்தின் படம், தொடர்பு எண்கள் ஆகியவற்றை நிறுவனம் பெற்றுக்கொள்ள இசைவதாக அவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அழுத்தாவிடில் வேலை இல்லை. மாலையில் அவருடைய தாய் மருந்து வாங்கவும், தங்கை பாடம் படிக்கவும் அதே போன்ற வேறு பொத்தான்களை அழுத்துகின்றனர். ஒரே நாளில் ஒரு குடும்பம் பத்துப் பன்னிரண்டு 'ஒப்புதல்'களை வழங்கிவிடுகிறது. இவற்றுள் எது உண்மையில் ஒப்புதல் என்பது எளிதில் விடை கூறக்கூடிய ஒன்றன்று.

இவ்வினாவை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றவரும் இதே நகரத்தவர் என்பது கருதத்தக்கது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கிலிருந்து கிளைத்த அடிப்படை வினாவிற்கு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக விடையளித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைக் கடந்திருந்தது. 2024 அக்டோபரில் மறைந்தார்.

ஒப்புதலின் மொழி

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம், ஒப்புதல் தன்விருப்பாக, குறிப்பிட்டதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்திற்கு இடமற்றதாக அமைதல் வேண்டும் என்கிறது. அதனினும் தமிழறிஞர் கவனத்திற்குரியது ஒன்று உண்டு. ஒப்புதல் கோரும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவுக்குரியவர்க்கு அளித்தல் வேண்டும் என்பதே அது. அட்டவணையில் உள்ள மொழிகள் 22. மாநில எல்லை பற்றிய கட்டுப்பாடு இதில் இல்லை. எனவே பெங்களூருவில் வாழும் தமிழர் தமிழிலும், சென்னையில் வாழும் கன்னடர் கன்னடத்திலும் அவ்வாசகத்தைக் கேட்டுப் பெறலாம். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட மொழிச் சிறுபான்மையோர்க்கு, தனியார் நிறுவனங்களிடம் தம் மொழியைக் கோரும் உரிமை இவ்வளவு வெளிப்படையாகச் சட்டத்தில் இடம்பெறுவது அரிது எனலாம்.

ஆயினும் அவ்வாசகம் எத்தகைய தமிழில் வரும்? ஆங்கிலச் சட்டத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அமைக்கும் 'பயன்பாட்டு விதிமுறைகள்', தமிழ் எழுத்தில் இருப்பினும் தமிழாக இருப்பதில்லை. எளிய தெளிந்த மொழி வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. எது தெளிவு என்பதை அளக்க அது கோல் தரவில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நூற்றாண்டுப் பயிற்சி உடைய தமிழ்த் துறைகள் இவ்விடத்தில் வாளாவிருப்பது வியப்பளிக்கிறது. 'தரவுக்குரியவர்' யார், 'செயலாக்கம்' என்பது யாது என்பனவற்றை ஸ்ரீராம்புரத்துத் தாய் ஒருவர் ஒரே வாசிப்பில் உணரும்படி எழுதிக் காட்டுவது, அகராதிப் பணியை ஒத்த அருமை உடையது.

மொழி தடையாக இல்லாத நிலையிலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஒப்புதல் அறவழிப்பட்டதாக இருக்க வேண்டுமாயின் மறுக்கும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். பொருள் விளங்கிய பின்னும் மறுக்க இயலாதவர் தரும் இசைவு, விளங்காமல் தந்த இசைவினும் மேலானது என்று எவ்வாறு கூறுவது? திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் இங்கு நினைவிற்கு வருகிறது. ஆட்சிக்கோல் ஏந்தியவன் குடிகளிடம் பொருள் வேண்டுவதை, படைக்கலத்துடன் வழிமறிப்பவன் கேட்பதற்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். கேட்கும் சொல் மென்மையானதே. கேட்பவன் கையில் இருப்பது அச்சொல்லின் பொருளை மாற்றிவிடுகிறது. ஒப்புதல் என்பது சொல்லளவில் அமைவதன்று, இருவர்க்கிடையிலான வலிமையின் அளவையும் பொறுத்தது என்னும் நுட்பம் இவ்வுவமையில் பொதிந்துள்ளது. உணவுச் செயலியின் பொத்தானும் மென்மையாகவே கேட்கிறது.

சட்டமன்றங்கள் இதனை முற்றிலும் உணரவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இணையத் தளங்கள் வழிப் பணிபுரிவோரை முதன்முறையாகச் சட்டச் சொல்லாட்சிக்குள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு நலநிதிக்கு வழங்குதல் வேண்டும் என்றது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்றே நடைமுறைக்கு வந்தது. இடையில் ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன. கர்நாடக அரசு அதற்கு முன்னரே, 2025 மே மாதத்தில் அவசரச் சட்டமாகவும் பின்னர்ச் சட்டமாகவும் தனி ஏற்பாட்டைச் செய்தது. பணியாளர்க்கு விளங்கும் எளிய மொழியில் ஒப்பந்தம், பணிநீக்கத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு, பணியைப் பங்கிடும் தானியங்கி முறைகள் பற்றிய விளக்கம் ஆகியவற்றை அது வேண்டுகிறது. மறுக்க இயலாதவர் தரும் ஒப்புதலைச் சட்டம் மட்டும் தன்விருப்பாக்கிவிட முடியாது. மறுப்பவர் அடையும் இழப்பைக் குறைக்க முடியும். கர்நாடகச் சட்டம் அத்திசையில் நகர்கிறது எனலாம்.

அடைக்கலம் என்னும் கருத்தாக்கம்

நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் 2017 ஜூலையில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு தில்லி, ஐதராபாத், பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டது. சென்னை அப்பட்டியலில் இல்லை. 2018 ஜூலை 27 அன்று அளித்த அறிக்கையில் அக்குழு சொல்லாட்சி நிலையில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. ஐரோப்பியச் சட்டம் 'தரவுக் கட்டுப்பாட்டாளர்' என்று வழங்குவதை, 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தது. தரவைத் தருபவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே உள்ளது வணிக உறவு மட்டுமன்று, நம்பிக்கை உறவு என்பதே இதன் உட்கிடை. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜாக் பால்கின் முன்வைத்த கருத்தோட்டத்திற்கு இது நெருக்கமானது. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் நாம் மறைவுகளைக் கூறுவது, அவர்கள் அவற்றை நமக்கு எதிராகப் பயன்படுத்தார் என்னும் உறுதியால்தான். நிறுவனங்களும் அவ்வாறே கட்டுப்பட வேண்டும் என்பது அவர் வாதம்.

இக்கருத்தைத் தமிழ் மரபு 'அடைக்கலம்' என்ற சொல்லால் அறியும். சிலப்பதிகாரம் ஒரு காதைக்கே அப்பெயரைச் சூட்டியுள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் ஆயர்மகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். மாதரி பெற்றுக்கொண்ட பொறுப்பிற்கு ஊதியம் இல்லை. எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. தன் மகள் ஐயையையே அவளுக்குத் துணையாக்குகிறாள். பின்னர்க் கோவலன் கொலையுண்டதில் மாதரியின் பிழை எதுவும் இல்லை; பொற்கொல்லன் சொற்கேட்டு ஆராயாது ஆணையிட்ட மன்னனின் பிழை அது. ஆயினும் அடைக்கலத்தைக் காக்கத் தவறியதாகத் தன்னையே குற்றவாளியாக்கி அவள் தீப்புகுந்தாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் கூற்றின் வழி அறிகிறோம். ஒப்படைத்த கவுந்தியும் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார்.

மாதரியின் முடிவை இக்காலத்திற்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. அது காப்பியத்தின் உயர்வு நவிற்சி. ஆனால் அதிலிருந்து அடைக்கலத்தின் இலக்கணக் கூறுகள் சிலவற்றை வரையறுக்கலாம். அடைக்கலம் ஏற்றவர்க்கு, 'என் பிழை இல்லை' என்பது முழு விடையாகாது. ஏற்ற பொருளைத் தம் ஊதியத்திற்கு ஆக்குதல் அவர்க்கு இயலாது. மேலும், அடைக்கலம் நாட்டெல்லையைக் கடந்தது. கவுந்தியும் கண்ணகியும் சோழநாட்டினர். மாதரி பாண்டிய நாட்டினள். கடமை குடியுரிமையிலிருந்து பிறக்கவில்லை, ஏற்றுக்கொண்ட செயலிலிருந்து பிறந்தது.

மேற்கூறியவற்றுள் இரண்டாவதே இன்றைய நிறுவனங்களுக்குப் பெரும் இடர். 1882ஆம் ஆண்டின் இந்திய நம்பகச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, பொறுப்பாளர் அறப்பொறுப்பிலுள்ள பொருளைத் தம் இலாபத்திற்குப் பயன்படுத்தலாகாது என்கிறது. பயனரின் விருப்பு வெறுப்புகளைக் கணித்து விளம்பரம் விற்பதையே வாழ்வாக உடைய ஒரு நிறுவனத்தை 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்? லினா கான், டேவிட் போசன் ஆகிய இருவரும் 2019இல் பால்கின் கருத்தை மறுத்து இதே வினாவை எழுப்பினர். பங்குதாரர்க்கும் பயனர்க்கும் ஒருங்கே உண்மையாயிருத்தல் இயலாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2023ஆம் ஆண்டுச் சட்டம் சிறாரை இலக்காகக் கொண்ட விளம்பரத்தைத் தடுக்கிறது; பதினெட்டு வயது நிரம்பியோரைப் பொறுத்தவரை அத்தகைய பொதுத்தடை இல்லை. ஆகவே பெயரளவில் அடைக்கலம், செயலளவில் வாணிகம் என்னும் இரட்டை நிலை சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

இவ்விரட்டை நிலை படிப்படியாக உருவானது. 2018 வரைவும் 2019 மசோதாவும் தரவை நியாயமாகவும் பொருத்தமாகவும் கையாளுதல் வேண்டும் என்னும் பொதுக்கடமையை விதித்தன. தரவுக்குரியவர் இழப்பீடு பெறவும் அவை வழிசெய்தன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பொதுக்கடமை காணப்படவில்லை; 'சட்டப்படியான நோக்கம்' என்னும் அளவுகோலே உள்ளது. சட்டத்திற்கு உட்பட்டது யாவும் நியாயமாகிவிடாது என்பதை அறநூல் பயின்றோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்னும் சொல் மட்டும் நின்றது. அச்சொல்லுக்கு உயிரளித்த கடமை நீங்கியது.

அவையும் அவையில் இல்லாதோரும்

நாடாளுமன்றத்தில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதும் அறவியல் நோக்கில் ஆராயத்தக்கது. 2019 டிசம்பர் 11 அன்று மக்களவையில் முன்வைக்கப்பட்ட மசோதா கூட்டுக்குழுவிற்கு அனுப்பப்பட்டது. மீனாட்சி லேகியும் பின்னர் பி.பி. சௌத்ரியும் தலைமை ஏற்ற அக்குழு இரண்டு ஆண்டுகள் ஆய்ந்து 2021 டிசம்பர் 16 அன்று அறிக்கை அளித்தது. அரசமைப்புகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு மிகையானது என்று ஜெய்ராம் ரமேஷ் உள்ளிட்ட உறுப்பினர் சிலர் மறுப்புரை எழுதினர். 2022 ஆகஸ்ட் 3 அன்று அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. குழு 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தமையால் புதிய சட்டம் வேண்டும் என்பது அரசு கூறிய காரணம். சரியாக ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 3 அன்று புதிய மசோதா வந்தது. மணிப்பூர் நிகழ்வுகளை முன்னிட்டு எதிர்க்கட்சிகளின் கிளர்ச்சி நிலவிய சூழலில் ஆகஸ்ட் 7 அன்று மக்களவையிலும், எதிர்க்கட்சிகள் வெளியேறிய பின் ஆகஸ்ட் 9 அன்று மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்தது. ஆறு ஆண்டுகள் பேசப்பட்ட ஒன்றுக்கு ஈரவைகளும் ஒரு வாரத்திற்குள் முடிவு கண்டன.

இதற்கு ஆளுங்கட்சியை மட்டும் பொறுப்பாக்குவதும், வெளியேறிய கட்சிகளை மட்டும் பழிப்பதும் எளிய வழிகள். அவையை நடத்தும் கடமை பெரும்பான்மையுடையோர்க்கு முதன்மையானது. எனினும் மணிப்பூர் பற்றிய சினம் நியாயமானதாயினும், தரவு பற்றிப் பேசவேண்டிய நாளில் அவையில் எவரும் எஞ்சாமை ஸ்ரீராம்புரத்துப் பணியாளரின் கணக்கில் இழப்பே. திருக்குறளின் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் அவைமுன் பேசுவோனின் தகுதிகளை விரிவாக ஆராய்கின்றன. அவையில் இடம்பெறாதோர் பொருட்டு அவைக்கு உரிய கடமையை அவை தனியே எடுத்துப் பேசவில்லை. முடியாட்சிக் காலத்து அவைக்கு அவ்வினா எழவில்லை போலும். சார்பாண்மை அவைக்கு அதுவே முதல் வினா.

கூட்டுக்குழு இருந்த காலத்தில் நிறுவனங்கள் அவைக்கு விடைகூற வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் அமேசான் நிறுவனம் முதலில் குழுமுன் வர மறுத்தது. அது சிறப்புரிமை மீறலாகும் என்று தலைவர் கூறிய பின்னர் வந்து சான்றளித்தது. இதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 27 அன்று, ஒன்பது நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர் இலண்டனில் கூடிப் பேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பர்க்கை அழைத்தனர். அவர் வரவில்லை, அவர் பெயர்ப்பலகை முன் நாற்காலி வெறுமையாக இருந்தது. தனியொரு நாட்டின் அவைக்கு மட்டுமன்றி ஒன்பது நாடுகளின் உறுப்பினர்க்கும் விடைகூறாத வலிமை எய்திய ஒரு நிறுவனத்தின் முன், தனியொருவர் அழுத்தும் பொத்தானை 'ஒப்பந்தம்' என்று அழைப்பதன் பொருந்தாமை அந்நாற்காலியால் விளங்கும்.

இவ்வலிமையைக் கண்டு, தீர்வு நாட்டெல்லையில் உள்ளது என்று கருதுவோர் உளர். 1978இல் ஐபிஎம் நிறுவனம் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பங்கு வரம்பிற்கு உடன்படாது நாட்டைவிட்டு வெளியேறிய நிகழ்வை அவர்கள் பெருமிதத்துடன் நினைவுகூர்வர். 2018 வரைவும் தரவின் ஒரு படியேனும் இந்தியாவில் இருத்தல் வேண்டும் என்றது. அவ்வாதத்தில் இறையாண்மை பற்றிய கவலை உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அறவியல் நோக்கில் அது பாதி விடையே. தரவு உள்நாட்டுக் கணிப்பொறியில் இருப்பதால் அது காக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. உள்நாட்டு நிறுவனமும் அதனை விற்கலாம், அரசும் பார்க்கலாம். சட்டத்தின் 17ஆம் பிரிவு, இறையாண்மை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக நடுவண் அரசு அறிவிக்கும் அரசமைப்புகளுக்கு விலக்களிக்க இடந்தருகிறது. புட்டசாமி தீர்ப்பு வேண்டிய விகிதப் பொருத்தம் அவ்விலக்கின் வாசகத்தில் வெளிப்படையாக இல்லை. திருக்குறளும் ஒற்றாடலை அரசனுக்கு உரியதாக ஏற்கிறது. ஆயின் ஒற்றர் கூறுவதை அப்படியே நம்பாது வேறு ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கும் கட்டுப்பாட்டையும் அதே அதிகாரம் விதிக்கிறது. கண்காணிப்பவரைக் கண்காணிக்க யாருமில்லாத நிலையை அது ஏற்கவில்லை.

ஈடு யாருக்கு

அடைக்கலம் கெட்டபின் நிகழ்வதில்தான் ஒரு சட்டத்தின் அறப்பார்வை தெளிவாகப் புலப்படும். போதிய பாதுகாப்பின்றித் தரவு கசிய விட்ட நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தொகை பெரிது. அது இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும் என்கிறது 34ஆம் பிரிவு. தரவை இழந்தவர்க்கு இழப்பீடு பெறத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவு தந்த வழியையும் புதிய சட்டம் நீக்குகிறது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான முறையீடு செய்யும் தனிநபர்க்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. வங்கிக் கணக்கு எண் கசிந்து சேமிப்பை இழந்த ஸ்ரீராம்புரத்துப் பணியாளர் முறையிடலாம். நிறுவனம் தண்டம் செலுத்தலாம். அவர் கைக்கு இச்சட்டத்தின்வழி எதுவும் வந்துசேராது. கண்ணகிக்கு ஈடாக மாதரி அரசனுக்குத் திறை செலுத்தியிருந்தால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே இது இருக்கிறது.

நியாயமாகக் கையாளும் பொதுக்கடமையையும் பாதிக்கப்பட்டவர்க்கான இழப்பீட்டையும் திருத்தத்தின் வழி மீட்க நாடாளுமன்றத்திற்குத் தடையேதும் இல்லை. 2018 வரைவில் அவற்றிற்கான வாசகம் எழுதப்பட்ட நிலையிலேயே உள்ளது. சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கிய திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் வாசகம் பற்றிய பிரிவுகளும், 43அ பிரிவின் நீக்கமும் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. 22 மொழிகளில் நிறுவனங்கள் தம் வாசகங்களை எழுதிக்கொள்ள அமைந்த கால இடைவெளி அது. அவற்றுள் தமிழ் வாசகத்தை எழுதப்போவது யார் என்பது இன்னும் திறந்திருக்கும் வினா.